பிசிஜி தழும்பு இருந்தும் காசநோய் ஏன் வருகிறது?

உங்கள் கைச்சட்டையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். தோளுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு தழும்பு இருக்கும். பிறந்த சில நாட்களில் போட்ட பிசிஜி ஊசியின் அடையாளம் அது. மலேசியாவில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோரிடம் இந்தத் தழும்பு இருக்கிறது. அப்படியும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நாட்டில் காசநோய் கண்டறியப்பட்டது. ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் அதனால் இறக்கிறார்கள்.

உலகளவில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2023இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டதாகவும், பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கோவிட் காலத்தைக் கடந்தபின், ஒரே கிருமியால் மிக அதிகமானோரைக் கொல்லும் நோய் என்ற இடத்தைக் காசநோய் மீண்டும் பிடித்துவிட்டது.

ஊசி போட்டும் ஏன் வருகிறது? ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஐவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது? இனிப்பு நீர் உள்ளவர்களைக் காசநோய் ஏன் தேடிப் பிடிக்கிறது? ஜார்ஜ்டவுனில் நண்பர்களோடு பேசும்போது இந்தக் கேள்விகள் அடிக்கடி எழும். இவற்றுக்கு விடை தேடி நான் படிக்கத் தொடங்கியபோது, பாதை என்னை இரண்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்றது. ஒன்று, சென்னை சேத்துப்பட்டு. மற்றொன்று, நம் பினாங்கிலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்.

கிருமியும் காவலும்

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்தாலே நோய் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே வாழ்நாளில் எப்போதாவது நோய் வருகிறது. மற்றவர்கள் இருமலும் இல்லாமல், பிறருக்குப் பரப்பவும் செய்யாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இதை உறங்கும் தொற்று எனலாம்.

கிருமியை உறங்க வைப்பது நம் உடலின் எதிர்ப்பாற்றல். நுரையீரலுக்குள் வரும் கிருமியை முதலில் விழுங்குவது மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளையணு. ஆனால் காசநோய்க் கிருமி தந்திரமானது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கத் தெரிந்தது. அப்போது டி அணுக்கள் என்ற வேறொரு படை வருகிறது. அவை இன்டர்பெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரந்து, மேக்ரோஃபேஜுக்கு வலுவூட்டுகின்றன. கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி அணுக்கள் கூடி ஒரு வேலி கட்டுகின்றன. வேலி உறுதியாக இருக்கும்வரை உள்ளே இருப்பது வெளியே வராது.

கிளினிக்கில் முன்கையில் சிறு ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கிறார்களே, அந்த மாண்டோ சோதனை இந்தப் படையின் நினைவாற்றலைத்தான் அளக்கிறது. கிருமியை முன்பே சந்தித்த டி அணுக்கள் அந்த இடத்தில் கூடுவதால்தான் தோல் தடிக்கிறது. ஆகவே சோதனையில் வீக்கம் வந்தால் ‘நோய் வந்துவிட்டது’ என்று பொருளல்ல. ‘உங்கள் உடலுக்கு இக்கிருமி அறிமுகமாகியிருக்கிறது’ என்றே பொருள். பிசிஜி ஊசியும் சில நேரம் அதே அறிமுகத்தைத் தந்துவிடும் என்பதால் மருத்துவர் எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் சேர்த்துப் பார்க்கிறார்.

செங்கல்பட்டு தந்த பாடம்

பிசிஜி ஊசி எவ்வளவு காக்கும் என்பதை அறிய, உலகின் மிகப் பெரிய கள ஆய்வுகளில் ஒன்று நடந்தது தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியில்தான். 1968இல் தொடங்கிய அந்த ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குப் பிசிஜி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

1979இல் முதல் முடிவுகள் வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. 15 ஆண்டு தொடர்ந்து கவனித்த பிறகும் முடிவு மாறவில்லை. இதே ஊசி இங்கிலாந்தில் நல்ல பலன் தந்திருந்தது. அங்கே காத்த ஊசி இங்கே ஏன் காக்கவில்லை?

ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக் கிருமிகள் ஏராளம். சிறுவயது முதலே அவற்றோடு பழகும் உடல், பிசிஜி வருவதற்கு முன்பே ஏதோ ஓர் அளவு எதிர்ப்பைக் கற்றுவைத்திருக்கிறது. அதன்மேல் ஊசி புதிதாக எதையும் கூட்டுவதில்லை. அதாவது எதிர்ப்பாற்றல் என்பது ஊசி மருந்தை மட்டும் பொறுத்ததல்ல. நாம் மிதித்த மண், குடித்த நீர், வயிற்றில் சுமந்த புழு, உண்ட சோறு, இரத்தத்தில் ஓடும் சர்க்கரை எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன.

அதற்காகப் பிசிஜி வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் கொடிய வகையையும் அது நன்றாகத் தடுக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அதைத் தவறாமல் போட வேண்டும். ஆனால் அந்தத் தழும்பை வாழ்நாள் முழுமைக்குமான காப்புறுதிப் பத்திரமாக நினைக்கக் கூடாது.

சேத்துப்பட்டு ஆய்வுக்கூடம்

சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே வளாகத்தில் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்படும் ஓர் ஆய்வு மையமும் உண்டு. அதன் அறிவியல் இயக்குநராக இருந்து ஆய்வுகளை நடத்தியவர் டாக்டர் சுபாஷ் பாபு. இவரும் இவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரே உடலில் இரண்டு நோய்கள் குடியிருந்தால், எதிர்ப்பாற்றல் யார் பக்கம் சாயும்?

முதலில் அவர்கள் பார்த்தது புழுக்களை. யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. இந்தப் புழு மனித உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழும். அதற்கு அது கையாளும் வழி, எதிர்ப்பாற்றலைச் சாந்தப்படுத்துவது. ‘சண்டை வேண்டாம், அமைதியாக இரு’ என்று உடலின் காவல்படைக்குச் சமிக்ஞை தருகிறது.

ஆனால் காசநோய்க் கிருமியை வேலிக்குள் வைத்திருக்க அதே காவல்படையின் ஆவேசம் தேவை. 2009இல் வெளிவந்த ஆய்வில், உறங்கும் காசத் தொற்றோடு ஃபைலேரியா புழுவும் உள்ளவர்களின் இரத்தத்தை இக்குழு சோதித்தது. காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டியபோது, புழு இல்லாதவர்களின் டி அணுக்கள் அளவுக்கு இவர்களின் டி அணுக்கள் எழவில்லை. அணுக்களின் மேல் தடைக்கட்டை போலச் செயல்படும் சில மூலக்கூறுகள் கூடியிருந்தன. அந்தத் தடையை ஆய்வுக்கூடத்தில் விலக்கியபோது எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. கொக்கிப்புழுவிலும், ஸ்ட்ராங்கைலாய்டிஸ் என்ற நூல்புழுவிலும் இதைப் போன்ற மாற்றங்களைப் பின்னர் கண்டார்கள்.

புழு உள்ளவருக்குக் காசநோய் வந்தே தீரும் என்று இதற்குப் பொருளல்ல. இரத்தத்தில் தெரியும் மாற்றம் வேறு, படுக்கையில் தள்ளும் நோய் வேறு. ஆனால் ஏழை நாடுகளில் தடுப்பூசிகள் ஏன் குறைவாக வேலை செய்கின்றன என்ற பழைய புதிருக்கு இது ஒரு திறவுகோல்.

மலேசியாவில் பிறந்த சோதனை

எதிர்ப்பாற்றலின் இந்த ‘சாந்தப்படுத்தும்’ குணத்தையே கருவியாக மாற்றியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரஹ்மா நோர்டினும் அவருடைய குழுவும் யானைக்கால் நோய்க்கான விரைவுச் சோதனையை உருவாக்கினார்கள். புருகியா ரேப்பிட் என்பது அதன் பெயர். மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் காணப்படும் புருகியா வகைப் புழுவுக்கானது.

புழு நீண்டகாலம் உடலில் தங்கும்போது, ஐஜிஜி4 என்ற ஒரு வகை எதிர்ப்பொருள் இரத்தத்தில் அதிகரிக்கிறது. பிற எதிர்ப்பொருள்கள் சண்டைக்கு ஆள் திரட்டும். இது பெரும்பாலும் சண்டையைத் தணிக்கும் வகை. அந்த ஐஜிஜி4ஐத்தான் இந்தச் சோதனை பிடிக்கிறது. முன்பெல்லாம் புழு இரவில்தான் இரத்தத்தில் உலாவும் என்பதால், சுகாதார ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இச்சோதனையைப் பகலிலேயே செய்யலாம். யானைக்கால் நோயை ஒழிக்கும் உலகத் திட்டத்தில், ஒரு பகுதியில் நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று உறுதிசெய்ய இது பயன்பட்டுவருகிறது. சிறிய நாடு, சிறிய ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகத்துக்குப் பயன்படும் ஒன்று போயிருக்கிறது.

இதே குழு நூல்புழுவைக் கண்டறியும் சோதனைகளிலும் உழைத்திருக்கிறது. நம் குடும்பங்களுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. தோட்டப்புறத்தில் வெறுங்காலோடு பால்மரக் காட்டில் நடந்த தாத்தா பாட்டிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நூல்புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். மற்றப் புழுக்களைப் போலச் சில ஆண்டுகளில் செத்துப் போவதில்லை. உடலுக்குள்ளேயே பெருகி, பல பத்தாண்டுகள் ஓசையின்றி இருக்கும். வேறு நோய்க்காக ஸ்டிராய்டு மருந்து கொடுத்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது அது திடீரெனப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நீண்டகால ஸ்டிராய்டு தொடங்கப் போகிறார்கள் என்றால், ‘இவர் தோட்டத்தில் வேலை செய்தவர்’ என்று மருத்துவரிடம் ஒரு வரி சொல்லிவையுங்கள்.

இனிப்பு நீர்: நம் சமூகத்தின் கதவு

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணமான பகுதிக்கு வருகிறேன்.

2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 100க்கு 31. எல்லா இனங்களிலும் அதிகம் நாம்தான். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

சர்க்கரை கூடினால் எதிர்ப்பாற்றல் ‘குறைந்துவிடும்’ என்று பொதுவாகச் சொல்வோம். சென்னைக் குழு கண்டது அதைவிட வியப்பானது. உறங்கும் தொற்றோடு இனிப்பு நீரும் உள்ளவர்களிடம், காசக் கிருமிக்கு எதிரான டி அணுக்களின் எழுச்சி மந்தமாக இருந்தது. ஆனால் காசநோய் வெளிப்பட்டுவிட்ட இனிப்பு நீர் நோயாளிகளிடம் நிலைமை தலைகீழ். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் அவர்கள் இரத்தத்தில் மற்றக் காசநோயாளிகளைவிட அதிகம்.

வீட்டுக் காவலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். திருடன் சுவரேறும்போது தூங்குகிறான். திருடன் உள்ளே வந்தபிறகு விழித்து, கையில் கிடைத்த தடியால் கண்ணாடி, மேசை, அலமாரி எல்லாவற்றையும் அடித்து நொறுக்குகிறான். திருடன் மட்டும் தப்பிவிடுகிறான். காசநோயில் நுரையீரலில் விழும் ஓட்டைகளுக்குக் கிருமி மட்டும் காரணமல்ல. நம் எதிர்ப்பாற்றலின் தறிகெட்ட ஆவேசமும் காரணம்.

அப்படியானால் இந்த ஆவேசத்தை மட்டும் தணிக்க முடியுமா? இனிப்பு நீருக்கு நம் வீடுகளில் தினமும் விழுங்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் மேல் ஆய்வாளர்களின் பார்வை விழுந்தது. 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், இம்மருந்து காசக் கிருமியைக் கட்டுப்படுத்த உடல் அணுக்களுக்குத் துணை செய்வதாகவும், மெட்ஃபோர்மின் எடுத்துவந்த காசநோயாளிகளின் நுரையீரலில் ஓட்டைகள் குறைவாக இருந்ததாகவும் வெளியிட்டார்கள். பின்னர் சென்னை நிறுவனம், இனிப்பு நீர் இல்லாத காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு மெட்ஃபோர்மினையும் கொடுத்துப் பார்த்தது. 2022இல் முடிவு வந்தது. சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. ஆனால் அழற்சி குறைந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரைவாகத் தெளிந்தது. பாதி வெற்றி எனலாம். அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உணவின் பங்கு குறித்தும் ஒரு செய்தி. ஜார்க்கண்ட் மாநிலத்தில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் சத்துணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஊசியல்ல, மருந்தல்ல. பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தான். பட்டினியும் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கிறது, மிதமிஞ்சிய சர்க்கரையும் கெடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்க்கை.

தனித் தட்டு வேண்டாம்

நோயைவிட நம் சமூகத்தை அதிகம் வதைப்பது வெட்கம். ‘எலும்புருக்கி’ என்ற சொல்லையே மெதுவான குரலில்தான் சொல்வார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, பின்கட்டில் படுக்கை. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அப்பாவின் இருமலைக் ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மறைப்பது. இப்படி மறைத்த மாதங்களில்தான் நோய் பரவுகிறது.

இதற்கும் விடை பழைய மதராஸ் நகரிலிருந்தே வந்தது. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ 190 காசநோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் மருந்தும். மறு பிரிவினருக்கு நெரிசலான வீட்டில், ஏழை உணவோடு, அதே மருந்து மட்டும். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமடைந்தார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. ஆபத்தான காலம், நோய் தெரியாமல், மருந்து தொடங்காமல் இருமிக்கொண்டிருந்த காலம்தான். 1959இல் இது வெளியானபின் உலகெங்கும் காசநோயாளிகள் மருத்துவமனைச் சிறையிலிருந்து வீடு திரும்பினார்கள்.

காசநோய் காற்றில் பரவும், தட்டில் பரவாது. ஆகவே அப்பாவின் தட்டைப் பிரிக்காதீர்கள். சன்னலைத் திறந்துவையுங்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் அவர் முகக்கவரி அணியட்டும். முகக்கவரியைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1910-11இல் மஞ்சூரியாவைத் தாக்கிய பிளேக் நோயை, துணி முகக்கவரியைக் கட்டாயமாக்கி அடக்கிய டாக்டர் வூ லியன் தே, 1879இல் இந்தத் தீவில் பிறந்தவர்தான்.

இனி வரும் காலம்

நூறாண்டு கடந்த பிசிஜிக்குத் துணையாக ஒரு புதிய ஊசி களத்தில் இருக்கிறது. எம்72 என்பது அதன் பெயர். உறங்கும் தொற்று உள்ள பெரியவர்களுக்கு நோய் வெளிப்படுவதை அது சுமார் பாதியளவு குறைத்ததை முந்தைய சோதனை காட்டியது. 2024இல் இறுதிக் கட்டச் சோதனை தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. நம் அண்டை நாடான இந்தோனேசியாவும் அதில் பங்கு கொள்கிறது. செங்கல்பட்டு கற்பித்த பாடத்தால், ஒரே நாட்டின் முடிவை வைத்து உலகுக்கே தீர்ப்பு எழுத இன்று யாரும் துணிவதில்லை.

அந்த ஊசி வரும்வரை நம் கையில் இருப்பவை எளியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ காரணமற்ற மெலிவோ இருந்தால், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் சளிச் சோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். இனிப்பு நீர் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய் உறுதியானவர் தம் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களும் சோதனைக்குப் போக வேண்டும். உறங்கும் தொற்றை, நோயாக மாறுவதற்கு முன்பே சில மாத மருந்தால் அடக்கிவிடலாம்.

நோய் வந்தவருக்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் பசி எடுக்கும், எடை கூடும், இருமல் நிற்கும். அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். எஞ்சியிருக்கும் கிருமிகள் காத்திருப்பதும் அதற்காகத்தான். மீதி நான்கு மாத மாத்திரைகளைத் தினமும் நினைவூட்டிக் கையில் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தால், அதைவிடப் பெரிய எதிர்ப்பாற்றலை எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.